ஐந்து பேருக்கு ஒரு பெட்டி: வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த ஹாட்ஸ்பாட் வாங்கலாம்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதம் அப்பா, அம்மா, மனைவி, பத்தாம் வகுப்பு முடித்த மகள் என்று ஐந்து பேராக 16 நாள் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி போகிறீர்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் தங்கை வீட்டுக்கும் போகும் எண்ணம் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வைஃபை ஹாட்ஸ்பாட் பெட்டியாக வாங்கிவிடலாம் என்று பார்க்கிறீர்கள். 150 எம்பிபிஎஸ் பெட்டி போதுமா, 300 வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் கவலை வேறு என்று எனக்குப் படுகிறது. பாஷை தெரியாத ஊரில் வயதானவர்களோடு நடுத்தெருவில் நிற்கும்போது நெட் போய்விடக் கூடாது, அவ்வளவுதானே? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். 150, 300 கணக்கு நடுவில் தானாக வந்துவிடும்.

நான் டிரைவ் டெஸ்ட் வேலை பார்த்தவன். காரின் பின்சீட்டில் ஒரு லேப்டாப், நாலு போன், கூரைமேல் ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா. டிரைவர் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டே இருப்பார். எந்த முக்கில் எந்த டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். ஒன்பது வருடம் அதுதான் பிழைப்பு. அதில் மூன்று வருடம் தெற்கு ஜெர்மனியிலும் சுற்றுப்பட்ட நாடுகளிலும். அதனால் ரேடியோ பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். உங்கள் குடும்பத்துக்கு எது தோது என்பது என் அபிப்பிராயம் மட்டுமே. அமெரிக்காவுக்கு நான் விருந்தாளியாகத்தான் போயிருக்கிறேன், அங்கே வேலை செய்ததில்லை. விலை பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

பெட்டி என்று நாம் சொல்வதற்குள் இருப்பது ஒரு மோடம், ஒரு சின்ன வைஃபை ரூட்டர், ஒரு பேட்டரி, சிம் போட ஒரு இடம். உங்கள் போனுக்குள்ளும் இதெல்லாம் இருக்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அது இதே வேலையைச் செய்யும். பெட்டி வாங்குவதால் கிடைப்பது மூன்று: உங்கள் போனின் சார்ஜ் மிச்சமாகும், ஒரே சமயத்தில் பத்துக் கருவிகள் வரை இணைக்கலாம், இந்திய சிம்மைப் போனை விட்டுக் கழற்ற வேண்டியதில்லை. இழப்பது ஒன்றுதான். ஆனால் அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை: ஐந்து பேரின் நெட்டும் ஒருவர் பையில் இருக்கும்.

இதை நான் மிலான் சென்ட்ரல் ஸ்டேஷனில் கற்றுக்கொண்டேன். மனைவியையும் மாமியாரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழ்த்தளத்துக்குப் போனேன். பெட்டி என் முதுகுப் பையில். கீழே வரிசை நீளம். திரும்பி வருவதற்குள் எங்கள் வண்டியின் பிளாட்பாரம் அறிவித்தாகிவிட்டது. மனைவி போனில் டிக்கெட்டைத் திறந்தால் நெட் இல்லை, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்னைக் கூப்பிடலாம் என்றால் வாட்ஸ்அப்பும் ஓடாது. வண்டி கிளம்ப நாலு நிமிடம் இருக்கும்போது நான் படியேறி வர, மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கும். அந்தப் பெட்டியின் வைஃபை திறந்த வெளியில் ஒரு முப்பது அடி, நாற்பது அடி எட்டும். நடுவில் இரண்டு சுவர் வந்தால் அதுவும் இல்லை. நீங்கள் ஐந்து பேரும் 16 நாளும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருப்பீர்களா? மகள் கடைக்குள் போவாள், அப்பா பாத்ரூம் தேடுவார்.

அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது கையில் இருக்கிற போன்களைத்தான். ஒவ்வொரு போனிலும் *#06# அடியுங்கள். ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்களோடு இஐடி என்று ஒரு நீள எண்ணும் வந்தால் அந்த போனில் இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம், போட முடியும். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ் முதல் இருக்கிறது. நம் ஊரில் விற்கும் மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இன்னும் இல்லை. ஐந்தில் இரண்டு போனில் இசிம் வந்தாலே உங்கள் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. இரண்டு பேரிடம் தனித்தனி நெட், மற்றவர்களுக்கு அவர்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். குடும்பம் இரண்டாகப் பிரிந்தாலும் இரண்டு பக்கமும் நெட் இருக்கும். அப்படியானால் பெட்டி யாருக்குத்தான் தேவை என்றால், பயணத்திலும் லேப்டாப்பைத் திறந்து நாலைந்து மணி நேரம் வேலை பார்க்கிறவர்களுக்கு, யாருடைய போனிலும் இசிம் இல்லாத குடும்பத்துக்கு, ஒரே காரில் ஒன்றாகவே சுற்றுகிறவர்களுக்கு, ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு. நீங்கள் இதில் எந்த வகை என்று எழுதவில்லை. ஆனால் "ஆபீஸ் வேலை கொஞ்சம் இருக்கும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பித்தான் மேற்கொண்டு பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

பெட்டி வாங்கும்போது அட்டைப் பெட்டியின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும் எம்பிபிஎஸ்ஸைப் பார்க்காதீர்கள். திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பேண்டு வரிசையைப் பாருங்கள். 4ஜி என்பது உலகம் முழுக்க ஒரே அலைவரிசை கிடையாது. ஒவ்வொரு நாடும் கையிலிருந்த அலைவரிசையை ஏலம் விட்டது. அதற்கெல்லாம் எண் கொடுத்து பேண்டு 1, பேண்டு 3, பேண்டு 20 என்று அழைக்கிறார்கள். பெட்டிக்கு எந்த எண்கள் தெரியுமோ அந்த டவர்கள்தான் அதன் காதில் விழும். நம் ஊரில் ஜியோ ஓடுவது பேண்டு 3, 5, 40. ஜியோஃபை பெட்டியும் அந்த மூன்றுக்காகச் செய்ததுதான். ஐரோப்பாவில் பேண்டு 3 உண்டு, அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ். அதோடு 1, 7 இரண்டும் நகரங்களில் பரவலாக இருக்கும். ஆனால் ஊருக்கு வெளியே ஆளைக் காப்பாற்றுவது பேண்டு 20, அதாவது 800 மெகாஹெர்ட்ஸ். இப்போது பல இடங்களில் பேண்டு 28ம் சேர்ந்துகொண்டிருக்கிறது, அது 700. நம் பெட்டிகளில் இந்த இரண்டும் இருக்காது.

அலைவரிசை குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் நன்றாகத் துளைக்கும். ஒரே தூரத்தில், ஒரே பலத்தில் அனுப்பினால் சிக்னல் பலத்தில் 1800ஐவிட 800க்கு 7 டெசிபல் சாதகம். பேண்டு 7 ஓடும் 2600ஓடு ஒப்பிட்டால் 10 டெசிபல். காதுக்கு இந்த எண் சின்னதாகப் படலாம். கணக்குப் போட்டால் 7 டெசிபல் என்பது ஐந்து மடங்கு, 10 டெசிபல் என்பது பத்து மடங்கு. இதற்கு மேல் சுவர், மரம், மலைச்சரிவு எல்லாம் உயர் அலைவரிசையைத்தான் அதிகம் தின்னும். அதனால்தான் கிராமப்புறத்தில் ஒரு டவரை வைத்துப் பத்து ஊரைச் சமாளிக்க நினைக்கும் நிறுவனம் 800இல் கட்டுகிறது.

தெற்கு ஜெர்மனியில் பிளாக் ஃபாரஸ்ட் காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் எங்கள் ஆட்கள் நாலு பேர் தங்கியிருந்தோம். சக ஊழியர் ஒருவர் இந்தியாவிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். ஃபிராங்க்ஃபர்ட்டில் அது பிரமாதமாக ஓடியது, நாங்களே அதில் கிரிக்கெட் பார்த்தோம். இந்த ஊரில் காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தால் சிக்னல் விளக்கு சிவப்பு. ஜன்னல் ஓரம் கொண்டுபோனார், சிவப்பு. வாசலில் பனியில் நின்று தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், ஒரு நொடி பச்சை, மறுபடி சிவப்பு. சிம் கெட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். அதே சிம்மைக் கழற்றி என் டெஸ்ட் போனில் போட்டேன், அதே மேசையில், வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தபடியே மூன்று பாயின்ட் சிக்னல். திரையில் பேண்டு 20 என்று காட்டியது. சிம் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஊர் டவர் பேசிய பாஷை பெட்டிக்குத் தெரியவில்லை. நீங்கள் போக நினைக்கும் பாதையில் சுவிஸில் இண்டர்லாக்கன் பக்கத்து மலை ஊர்களும், இத்தாலியில் குன்றுமேல் இருக்கும் பண்ணை வீடும் இருக்கின்றன. பேண்டு 20 இல்லாத பெட்டியோடு அங்கே போகாதீர்கள்.

சரி, 150க்கும் 300க்கும் வருவோம். 150 என்றால் அது கேட்டகரி 4 மோடம், ஒரு சமயத்தில் ஒரு பேண்டில் மட்டும் பேசும். 300 என்றால் கேட்டகரி 6, இரண்டு பேண்டைச் சேர்த்துப் பிடிக்கும். இரண்டும் ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் கூட்டமான இடத்தில் 20 வந்தால் சந்தோஷப்படுங்கள். மேப், வாட்ஸ்அப், ஒரு வீடியோ கால், ஆபீஸ் மெயில் இவற்றுக்கு அதுவே தாராளம். பேண்டு 20 உள்ள 150 பெட்டியும், பேண்டு 20 இல்லாத 300 பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுப்பேன். இரண்டிலும் பேண்டுகள் ஒன்றேயானால் 300ஐ எடுங்கள். ஒரு பேண்டில் நெரிசல் என்றால் இன்னொன்று கைகொடுக்கும். 5ஜி பெட்டி உங்கள் தேவைக்கு வீண் செலவு. அது சூடாகும், பேட்டரியைக் குடிக்கும், 4ஜியே கிடைக்காத மலையில் 5ஜியால் எதுவும் ஆகப்போவதில்லை. பழைய 3ஜி டாங்கிள் ஏதாவது வீட்டில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஜெர்மனியில் 2021இலும் அமெரிக்காவில் 2022இலும் 3ஜியை மூடிவிட்டார்கள்.

மாடல் பெயர் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பாவுக்கு டிபி-லிங்க் எம்7350 பலரும் வாங்கும் சாதாரணப் பெட்டி: 150 எம்பிபிஎஸ், 2550 எம்ஏஹெச் பேட்டரி, பத்துக் கருவிகள். அதன் அண்ணன் எம்7450 வகையில் 300 எம்பிபிஎஸ், 3000 எம்ஏஹெச். நெட்கியரின் நைட்ஹாக் வரிசை கனமானது. எம்1 மாடலில் 5040 எம்ஏஹெச் பேட்டரி, அதைக் கழற்றவும் முடியும். லேன் கேபிள் போடவும் துளை உண்டு. நாள் முழுக்க லேப்டாப்பில் கிடக்கிறவர்களுக்கு அது தகும், உங்களுக்கு அதிகம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே மாடல் பெயரில் ஐரோப்பாவுக்கு ஒன்று, ஆசியாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என்று பேண்டு மாற்றி விற்பார்கள். ஹுவாவேயின் இ5577 எடுத்தால் அதன் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் மாறினால் உள்ளே பேண்டும் மாறும். ஆன்லைனில் வாங்கும்போது படத்தை நம்பாமல் பின்பக்க ஸ்டிக்கரின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னொன்று, மொபைல் நிறுவனமே மலிவாக விற்கும் பெட்டி பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். "அன்லாக்டு" என்று எழுத்தில் இருந்தால்தான் காசு கொடுங்கள்.

ஐரோப்பாவுக்கு வாங்கிய பெட்டி அடுத்த வருடம் அமெரிக்காவுக்கு ஆகுமா? ஏறக்குறைய ஆகாது. அங்கே இருக்கும் மொபைல் நிறுவனங்களில் டி-மொபைலுக்கு பேண்டு 2, 12, 66, 71, வெரிசானுக்கு 13, ஏடி அண்ட் டிக்கு 2, 12, 14, 66 என்று அது தனி உலகம். ஐரோப்பியப் பெட்டியில் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், சில சமயம் ஒன்றும் இருக்காது. பேண்டு இருந்தாலும் எல்லாக் கருவியையும் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஏடி அண்ட் டி 3ஜியை மூடியபோதே தான் ஒப்புக்கொண்ட கருவிகளுக்கு ஒரு பட்டியல் வைத்துவிட்டது. இரண்டு கண்டத்துக்கும் ஒரே பெட்டி என்ற யோசனையை விட்டுவிடுங்கள். தங்கை வீட்டில் வைஃபை இருக்கும், வெளியே போகும்போது தங்கையும் கூட வருவாள். அங்கே போனில் ஒரு இசிம் போதும். நேஷனல் பார்க் எதற்காவது காரில் போவதாக இருந்தால் எந்தப் பெட்டியும் உதவாது. பெரிய பார்க்குகளில் பல மணி நேரம் டவரே வராது, மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொண்டுதான் போக வேண்டும்.

அடுத்தது சிம். பெட்டி வாங்கினால் அதில் போட நிஜ சிம் அட்டை வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் இசிம் ஏறாது. ஐரோப்பாவில் பல நாடுகளுக்குச் செல்லும் சிம் ஒன்றை இங்கேயே வாங்கிப் போகலாம், அல்லது போய் இறங்கி வாங்கலாம். ஜெர்மனியில் 2017 முதல் பிரீபெய்ட் சிம்முக்கு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்போர்ட்டோடு கடையில் நிற்க வேண்டும், அப்பா அம்மாவை லக்கேஜோடு ஓரமாக உட்காரவைத்துவிட்டு. அதற்கு இங்கேயே வாங்கிவிடுவது மேல். வாங்கும்போது பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் 2017 ஜூன் 15 அன்று ஒழிந்தது. ஆனால் சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. "ஐரோப்பா முழுக்க" என்று அட்டையில் எழுதியிருக்கும், சுவிஸ் எல்லையில் இருக்கும் பேசல் ஸ்டேஷன் தாண்டியதும் நெட் நின்றுவிடும். இதில் ஏமாந்தவர்களை நான் வருடாவருடம் பார்க்கிறேன்.

சிம்மைப் போட்டதும் நெட் வரவில்லை என்றால் பதறாதீர்கள், பத்தில் எட்டுத் தடவை காரணம் இதுதான்: பெட்டிக்குள் டேட்டா ரோமிங் என்ற சுவிட்ச் ஆஃபில் இருக்கும். போனை அதன் வைஃபையில் இணைத்து, பிரவுசரில் பெட்டியின் முகவரியைத் தட்டினால் (ஹுவாவேயில் 192.168.8.1, மற்றவற்றில் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருப்பார்கள்) உள்ளே போகலாம். ரோமிங்கை ஆன் செய்யுங்கள், சிம்மோடு வந்த தாளில் ஏபிஎன் என்று ஒரு சொல் கொடுத்திருப்பார்கள், அதை அப்படியே அடியுங்கள். ஐரோப்பிய சிம்களுக்கு நாலு இலக்கப் பின் நம்பரும் இருக்கலாம். சிம்மைப் பிய்த்தெடுத்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், நம்பர் அதில்தான் இருக்கும். பழைய பெட்டிகளில் மைக்ரோ சிம் அளவுதான் இருக்கும். அதில் நானோ சிம்மை அடாப்டர் இல்லாமல் தள்ளினால் உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்புறம் டூத்பிக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

உங்கள் இந்திய சிம்மைப் போனிலேயே விட்டுவையுங்கள். பேங்க் ஓடிபி அதில்தான் வரும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங் வசதியை இயக்கச் சொல்லிவிட்டு, போனில் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கையே எல்லாருக்கும் போட்டுவிடலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், சிக்கல் குறைவு. ஆனால் அதில் உங்கள் டேட்டா பெரும்பாலும் இந்தியாவுக்கு வந்துவிட்டுத்தான் திரும்பும். மியூனிக்கில் நின்று பக்கத்துத் தெரு ஹோட்டலைத் தேடினாலும் அந்தத் தேடல் இங்கே வந்து போகும். சென்னைக்கும் மியூனிக்குக்கும் நேர்கோட்டில் 7,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர ஒளிக்கே 70 மில்லிநொடி ஆகிவிடும், நடுவில் இருக்கும் கருவிகளின் தாமதம் தனி. மேப்புக்கு இது தெரியாது. ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் நீங்கள் பேச வாயெடுக்கும்போதெல்லாம் எதிராளியும் பேச ஆரம்பிப்பார், அப்போது தெரியும். இதே சுற்றுவழி சீனாவில் வரம். அங்கே உள்ளூர் சிம்மில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. ரோமிங் சிம்மில் டேட்டா அந்த நாட்டுக்கு வெளியே போய் இணையத்தைத் தொடுவதால் வழக்கமாகத் திறக்கும்.

சிம்மே போட வேண்டாம், 100 நாட்டுக்கு மேல் ஓடும் என்று சொல்லி விற்கும் பெட்டிகளும் உண்டு, குளோக்கல்மீ போல. நிறுவனம் தன் சர்வரில் பல நாட்டு சிம்களை வைத்திருக்கும், நீங்கள் இறங்கிய நாட்டுக்கு ஏற்ற ஒன்றைப் பெட்டி தூரத்திலிருந்தே கடன் வாங்கிக்கொள்ளும். மாதம் ஒரு நாடு போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. வருடத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். டேட்டாவை அவர்களிடம்தான் வாங்க வேண்டும், அவர்கள் சேவையை நிறுத்தினால் பெட்டி பேப்பர் வெயிட். ஜப்பானில் மட்டும் வாடகைப் பெட்டி என்பது தனி சௌகரியம்: ஏர்போர்ட் கவுண்டரில் வாங்கிக்கொண்டு, திரும்பும்போது அவர்கள் தந்த உறையில் போட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம். உங்கள் பாதையில் ஜப்பான் இல்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இப்போது சொல்லப்போவதுதான் பெட்டி வாங்கிய எல்லாரையும் கடிக்கும் விஷயம். போன்களுக்குப் பெட்டியின் நெட் "வைஃபை" என்றுதான் தெரியும். வைஃபை என்றால் வீட்டு நெட், இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று போன் நினைத்துக்கொள்ளும். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஐந்து போனும் அன்று எடுத்த போட்டோ வீடியோ முழுவதையும் பேக்கப் ஏற்றும், ஆப் அப்டேட் இறக்கும், லேப்டாப் விண்டோஸ் அப்டேட்டை ஆரம்பிக்கும். எங்கள் குழுவில் ஒருமுறை படுக்கப்போகும்போது 11 ஜிபி மிச்சம் இருந்தது, காலையில் காபி ஆறுவதற்குள் "உங்கள் டேட்டா தீர்ந்தது" என்று மெசேஜ். யாரும் எதுவும் பார்க்கவில்லை, எல்லாரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தோம். அதனால் ஐபோனில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு லோ டேட்டா மோடைப் போடுங்கள். ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் அதே இடத்தில் மீட்டர்டு என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அம்மா போனிலும் நீங்களே உட்கார்ந்து செய்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டியில் ஓடினால் மணிக்கு 3 ஜிபி வரை போகும் என்பதை மகளிடம் ஒருதரம் சொல்லிவையுங்கள். இந்தக் கட்டுப்பாடுகளோடு ஆளுக்கு நாளுக்கு அரை ஜிபி என்று வைத்தால் 16 நாளுக்கு 40 ஜிபி. இது என் அனுபவக் கணக்கு. "அன்லிமிடெட்" என்று இருந்தால் அடியில் ஒரு நாளைக்கு எவ்வளவு வரை முழு வேகம், அதற்கு மேல் எவ்வளவு என்று படியுங்கள். ஹாட்ஸ்பாட் பகிர்வுக்கு அனுமதி உண்டா என்ற வரியையும் தேடுங்கள். சில திட்டங்களில் கிடையாது.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக. பத்து மணி நேரம் என்று போட்டிருந்தால் ஐந்து பேர் இணைந்த பிறகு ஆறு மணி நேரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சிக்னல் பலவீனமான ஊரில் அதுவும் குறையும், டவரோடு கத்திப் பேச வேண்டியிருப்பதால். பவர் பேங்க் ஒன்று வேண்டும். 20,000 எம்ஏஹெச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட் ஹவர், விமானத்தில் அனுமதிக்கும் 100க்குள் வந்துவிடும். ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. சில விமான நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்தும் அப்படி. ஹாட்ஸ்பாட்டையும் ஏறும்போது அணைத்துவிடுங்கள். சார்ஜருக்கு மெல்லிய இரண்டு முள் ஐரோப்பிய பிளக் வாங்கினால் மூன்று நாட்டிலும் போகும். ஜெர்மனியில் வாங்கும் பருமனான உருண்டை பிளக் சுவிஸ் துளையில் இறங்காது. திரும்பி வந்த பிறகு பெட்டியைச் சார்ஜரிலேயே செருகி வீட்டு ரூட்டர் மாதிரி மாதக்கணக்கில் ஓடவிடாதீர்கள். பேட்டரி உப்பி மூடி தானாகத் திறந்துகொள்ளும். என்னிடம் அப்படி ஒன்று, அப்பளம் மாதிரி உப்பி, டிராயரில் கிடந்து போனது.

ஒரு சின்ன விஷயம், நூறில் ஒருவருக்குத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் பைத்தியம் பிடிக்கும். தங்கை அமெரிக்காவில் வாங்கிக் கொடுத்த லேப்டாப் என்று எழுதியிருந்தீர்கள். ஐரோப்பியப் பெட்டி சில சமயம் தானாக 12, 13ஆம் வைஃபை சேனலைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கக் கருவிகள் சில அந்தச் சேனல்களைப் பார்க்கவே பார்க்காது. போன்களிலெல்லாம் நெட் வரும், லேப்டாப்பில் மட்டும் பெட்டியின் பெயரே தெரியாது. பெட்டியின் செட்டிங்கில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடும். அப்படியே ஸ்டிக்கரில் வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஐரோப்பாவுக்கு இரண்டு இசிம் வாங்குவேன், உங்கள் போனில் ஒன்று, மனைவி போனில் ஒன்று, முடிந்தால் வெவ்வேறு நெட்வொர்க்கில் ஓடுபவை. ஒன்று மலையில் விழுந்தாலும் மற்றது நிற்கும். ஆபீஸ் வேலை தினமும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மட்டும் பேண்டு 1, 3, 7, 20, 28 உள்ள அன்லாக்டு 4ஜி பெட்டி ஒன்று. அதையும் உங்கள் பையில் போடாமல் அப்பாவின் பையில் போடுங்கள். கூட்டத்தில் எங்கும் நகராமல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இங்கேயே உள்ளூர் சிம்மைப் பெட்டியில் போட்டு, ஐந்து போனையும் இணைத்து, ஒரு ராத்திரி ஓடவிட்டுக் காலையில் எத்தனை ஜிபி போயிருக்கிறது என்று பாருங்கள். யார் போன் தின்கிறது என்று தெரிந்துவிடும்.

மனைவி போனின் மாடலை எழுதவில்லை. *#06# அடித்து இஐடி வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். வராவிட்டால் மகளின் போன். அதிலும் வராவிட்டால்தான் பெட்டியைப் பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டும், அப்போது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பேண்டு பார்த்துச் சொல்கிறேன்.